சில்வர் ஓட்டியவள் சொல்கிறேன்

எங்கள் ரயில் டிப்போவில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் பலர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் சேர்ந்த காலத்தில் என் பெயரை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. வதனி என்பது 'வானி' ஆகி, பிறகு வெறும் 'வான்' ஆகி, கடைசியில் எனக்கே அது பழகிவிட்டது. இன்றைக்குச் சாப்பாட்டு அறையில் ஒருவர் இடியப்பப் பெட்டியைத் திறந்தால் மற்ற மேசைகளிலிருந்து கைகள் நீளுகின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டிருந்தாள். "அன்ரி, நீங்கள் ஓட்டின பழைய ட்ரெயினைப் பற்றி எழுதுங்கோ. தமிழிலயே எழுதுங்கோ. வாசிக்கத் தெரியாதவைக்கு அம்மாமார் வாசிச்சுச் சொல்லுவினம்."

சரி, எழுதுகிறேன். அம்மாமாரே, இழுத்து இழுத்து வாசியாதேங்கோ. பிள்ளைகள் விடிய எழும்பி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள்.

நான் இருப்பது லூயிஷாமில். அங்கே டியூப், அதாவது லண்டன் சுரங்க ரயில், கிடையாது. ரயில் ஓட்டுகிறவள் ரயில் ஓட்டப் போவதற்கு வேறு ரயில் பிடிக்க வேண்டும் என்பது வீட்டில் பெரிய பகிடி. லண்டனுக்கு வந்து பெற்றோல் ஸ்டேஷனில் நின்றேன், பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறினேன், பிறகுதான் டியூபுக்கு விண்ணப்பித்தேன். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. எனக்குத் தந்த ரயில் சில்வர். ஓய்வு பெறும் வரையில் மற்ற ரயில்களையும் ஓட்டினேன். ஆனால் என் உத்தியோகத்தின் பெரும்பகுதி சில்வரோடுதான் போனது.

நீங்கள் அதை ஓட்டியதில்லை. வெளியே பூச்சு இல்லாத வெறும் அலுமினியம். அதனால் அந்தப் பெயர். உள்ளே மரத் தளம். குளிரூட்டி கிடையாது, கணினி கிடையாது. ஏதாவது கோளாறு என்றால் உங்கள் ரயிலில் திரை சொல்லும், எந்தப் பெட்டி, எந்தக் கதவு என்று. சில்வர் ஒன்றும் சொல்லாது. ஓட்டுநர் மேசையில் ஒரு விளக்கு அணையும், அவ்வளவுதான். மீதியை நாங்கள் காதாலும் காலாலும் கண்டுபிடிக்க வேண்டும். அதை ஓட்டுவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அது இனி உங்களுக்குத் தேவையில்லை. நெருக்கடி வந்த நேரத்தில் என்ன யோசித்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன். அது உங்களுக்கும் வரும்.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். எங்களில் மகா கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஓட்டுநர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் மாலை, வேலை விட்டுச் சனம் வீடு போகிற நேரம், அவருடைய சில்வர் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் கேட்டார்கள், என்ன கோளாறு என்று. "பிரேக்" என்றார் சட்டென்று. அவருடைய பெயருக்காகவே எல்லோரும் நம்பினார்கள். பிரேக்கை அவர் நோண்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பின்னால் ரயிலுக்குப் பின் ரயிலாகச் சுரங்கத்துக்குள் வரிசை கட்டி நின்றன. உண்மையில் கடைசிப் பெட்டிக் கதவில் ஒரு குடையின் முனை மாட்டியிருந்தது. கதவு முழுதாகப் பூட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த நாள் கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் எங்கள் சாப்பாட்டு அறைக்கே வந்தார். வேல்ஸ்காரி. என்னைவிட வயது குறைந்தவர். பெயர் போட்டு எழுதுவது அவருக்குப் பிடிக்காது, ஆகவே போடவில்லை. நாங்கள் ஏச்சு விழப் போகிறது என்று கோப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கதிரையை இழுத்துப் போட்டு அந்த ஓட்டுநருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ரயில் நின்றதும் உன் மனதில் முதலில் வந்தது என்ன?"

"ஒன்றும் பிடிபடவில்லை என்றுதான் வந்தது."

"அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? நேற்று உன்னிடம் இருந்த ஒரே சரியான தகவல் அதுதான்."

அந்த மனிதர் கோபிக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மேசையைச் சுற்றியிருந்த எங்கள் எல்லோருக்கும் அது மனதில் இறங்கியது. தெரியாது என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் மற்றவர்கள் உனக்காகத் தேடத் தொடங்குவார்கள். தெரிந்தது போலச் சொன்னால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளே, உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இனிப் பெரிய கதை.

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேர் உங்களுக்குத் தெரியும். ஓகஸ்ட் மாத ஞாயிறு. லண்டனிலுள்ள தமிழ்ச் சனத்தில் பாதி அன்றைக்கு அந்தத் தெருக்களில்தான் நிற்கும். அந்த வருடம் எனக்கு ஞாயிறு ஷிப்ட். தேர் பார்க்க முடியவில்லையே என்று காலையிலிருந்தே எனக்கு மனத்தாங்கல். ஆனால் கிழக்கு லண்டனில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கண்ணாடியில் பார்க்கிறேன், பட்டுச் சேலையும் வேட்டியுமாக ஏறுகிறார்கள். நகர நடுவுக்கு வந்தபோது ஆறு பெட்டியும் நிரம்பி வழிந்தன. நான் தேருக்குப் போகாவிட்டால் என்ன, தேருக்குப் போகிற சனத்தை நான்தானே கொண்டுபோகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சுரங்கத்துக்குள் அதைவிட மோசம். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. காற்றழுத்தம் காட்டும் முள் என் கண்ணுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சில்வருக்கு அந்தக் காற்றுத்தான் உயிர். அது போனால் பிரேக் தானாக இறுகிவிடும், ரயில் அசையாது.

ரேடியோவை எடுத்தேன். அன்றைக்குப் பொறுப்பில் இருந்தது அதே வேல்ஸ்காரி.

"காற்று போகிறது. எந்தப் பெட்டியில் என்று எனக்கு இன்னும் தெரியாது," என்றேன்.

"சரி. நான் இங்கே திரையில் ஒரு சிவப்புக் கோட்டை மட்டும்தான் பார்க்கிறேன். நீ என்ன பார்க்கிறாய்?"

"ரயில் நிறையச் சனம். கோயில் திருவிழாவுக்குப் போகிறார்கள். வயது போனவர்கள் பலர், கைக்குழந்தைகள், தள்ளுவண்டிகள். உள்ளே சூடு ஏறுகிறது."

இரண்டு வழி இருக்கிறது என்றார் அவர். ஒன்று, பாதையில் கரண்ட்டை நிறுத்திவிட்டுச் சனத்தை இறக்கித் தண்டவாளம் வழியாக அடுத்த ஸ்டேஷனுக்கு நடத்துவது. பத்திரமானது, ஆனால் அந்தச் சனத்தை இறக்கி நடத்தி முடிக்க ஒரு பொழுது போய்விடும். கரண்ட் நின்றால் பின்னால் நிற்கிற ரயில்களும் இருட்டில் அப்படியே கிடக்கும். மற்றது, நான் ரயிலுக்குள்ளால் நடந்துபோய் உடைந்த இடத்தைக் கண்டுபிடித்து, அந்தப் பெட்டியின் காற்றைப் பூட்டிவிட்டு, மிச்சப் பெட்டிகளின் பலத்தில் மெதுவாக அடுத்த ஸ்டேஷனுக்கு ஊர்வது. அது நடக்க வேண்டுமென்றால் அதுவரைக்கும் ஒருவரும் கதவைத் திறந்து இறங்கக்கூடாது. கீழே தண்டவாளத்தில் கரண்ட் ஓடுகிறது. ஒரே ஒரு ஆள் கால் வைத்தாலும் கதை வேறு.

"உன்னால் அவர்களை உள்ளே வைத்திருக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் என்று நினைக்கிறேன். என் சனம்."

"அப்படியென்றால் போ. அங்கே நிலைமை மாறினால் உடனே சொல். நான் கரண்ட்டை நிறுத்தத் தயாராக இருக்கிறேன்."

ஒலிபெருக்கியை எடுத்தேன். முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, விதிப்புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை, ஆனாலும் தமிழில் சொன்னேன்.

"வணக்கம். இந்த ட்ரெயினை ஓட்டுறது நான்தான். என்ர பேர் வதனி. எங்கட ட்ரெயின்ல காத்துக் குழாய் ஒண்டு உடைஞ்சிட்டுது. நெருப்பு இல்லை, புகை இல்லை. பயப்பிடாதேங்கோ. நான் இப்ப உங்களுக்குள்ளால நடந்து பின்னுக்கு வாறன். ஒருத்தரும் கதவில கை வைக்க வேண்டாம். வெளியில கரண்ட் ஓடுது. அர்ச்சனைத் தட்டுகளைக் கீழ வையுங்கோ, எனக்குக் கொஞ்சம் வழி விடுங்கோ."

முதல் பெட்டியில் ஒரு அம்மாவின் குரல் கேட்டது. "அட, இது எங்கட பிள்ளை!" உடனே கைதட்டல். ரயில் நின்றதற்குக் கைதட்டு வாங்கிய ஓட்டுநர் இந்த நகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற கதவைத் திறந்துகொண்டு நடந்தேன். மல்லிகைப்பூவும் வியர்வையும் கற்பூரமும் கலந்த வாசம். எல்லோரும் கேள்வி கேட்டார்கள். போகிற போக்கில் பதில் சொன்னேன். மூன்றாவது பெட்டியில் கோயிலில் தாகசாந்தி கொடுப்பதற்காகத் தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டுக் கட்டாகத் தள்ளுவண்டிகளில் கொண்டுபோகிற ஒரு தொண்டர் கூட்டம் நின்றது.

"தண்ணிக் கட்டு எல்லாத்தையும் உடையுங்கோ," என்றேன். "முன்னுக்கும் பின்னுக்கும் கைமாத்தி அனுப்புங்கோ."

அவர்களில் தலைவர் போல நின்றவர் தயங்கினார். "அக்கா, இது தேருக்குக் குடுக்கிறதுக்கு."

"அம்மன் கோவிக்க மாட்டா. முதல்ல குழந்தைப்பிள்ளையளுக்கும் வயசு போனவைக்கும்."

அவ்வளவுதான். அவர் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். போத்தல்கள் தலைக்கு மேலால் போகத் தொடங்கின. கோயிலுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லாத வெள்ளைக்கார மனிதர் ஒருவர், பத்திரிகையால் பக்கத்திலிருந்த அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தவர், அந்தப் பெட்டிக்குத் தானே பொறுப்பு என்பது போல எழும்பி நின்று போத்தல்களை வாங்கி வாங்கிக் கொடுத்தார்.

ஐந்தாவது பெட்டிக்குள் கால் வைத்ததும் எனக்குச் சத்தம் கேட்டுவிட்டது. பாம்பு சீறுவது போல. உடைந்தது இங்கேதான். அதே நேரம் கதவடியில் ஒரு மனிதர் நிற்கிறார். அவசரத்துக்குக் கதவைத் திறக்கிற பிடியின் மூடியைக் கழற்றிவிட்டார். கை பிடியில் இருக்கிறது. அவருடைய தோளில் ஒரு பெண் பிள்ளை, ஏழெட்டு வயது இருக்கும், இழுத்து இழுத்து மூச்சு விடுகிறாள்.

"அண்ணை, கையை எடுங்கோ."

"பிள்ளைக்கு ஆஸ்மா. பம்ப் அடிச்சும் கேக்குதில்லை. நான் இறங்கி நடந்து போறன்."

"கீழ கரண்ட், அண்ணை."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீங்கள்? இதுக்குள்ள வைச்சுப் பார்த்துக்கொண்டு நிக்கச் சொல்லுறீங்களோ?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். கை பிடியை விடவில்லை.

அந்த இடத்தில் நான் யோசித்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 'அமைதியாக இருங்கோ' என்று அவருக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது தகப்பன் அமைதியாக இருந்தால்தான் பிழை. ரேடியோவில் சொல்லிக் கரண்ட்டை நிறுத்தினால் அவர் இறங்கலாம். ஆனால் இந்தப் பெட்டிச் சனம் முழுதும் அவருக்குப் பின்னால் இறங்கும், அந்த நெரிசலில் அவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைக்கு வேகமான வழி ரயில்தான். அதை அவர் நம்ப வேண்டும். நம்புவதற்கு அவருடைய கைக்கு வேறு வேலை வேண்டும்.

"அண்ணை, நான் திருப்ப வேண்டிய பிடி அந்தச் சீட்டுக்குக் கீழ கிடக்கு. சீட்டை என்னால தனியத் தூக்க ஏலாது. பிள்ளையைப் பக்கத்தில நிக்கிற அம்மாட்டக் குடுத்திட்டு நீங்கள் வந்து தூக்குங்கோ. அது திரும்பின உடன ட்ரெயின் எழும்பும். பிள்ளையை நான் என்ர கேபினுக்குக் கொண்டுபோறன். அங்க ஜன்னல் திறக்கும், ஓடேக்க நல்ல காத்து வரும். ஆம்புலன்சை அடுத்த ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுறன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

சீட்டில் இருந்தவர்கள் எழும்ப இடமில்லாமல் எழும்பினார்கள். அவர் தூக்கினார். சில்வரின் சீட் என்றால் லேசுப்பட்டதில்லை, அவரோ ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டார். நான் முழங்காலில் இருந்து கையை விட்டு அந்தப் பிடியைத் திருப்பினேன். முதலில் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உடம்பு முழுதையும் போட்டேன். திரும்பியது.

சீறல் நின்றது. பெட்டி முழுதும் ஒரே அமைதி. அந்த அமைதிக்குள் அந்தப் பிள்ளையின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வரும்போது வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வர, சனம் சேலையை ஒதுக்கி, தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கி, தானே பிளந்து வழிவிட்டது. கேபினுக்குள் போய் ஜன்னலைத் திறந்தேன். முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"பூட்டிவிட்டேன். காற்று ஏறுகிறது," என்றேன் ரேடியோவில். "ஆஸ்மாப் பிள்ளை ஒன்று என்னோடு கேபினில் இருக்கிறது. அடுத்த ஸ்டேஷனுக்கு ஆம்புலன்ஸ் வேண்டும்."

"சொல்லியாயிற்று. நீ நடக்கத் தொடங்கியபோதே கூப்பிட்டுவிட்டேன். யாருக்காவது தேவைப்படும் என்று தெரியும். வா."

கைப்பிடியைத் திருப்பினேன். சில்வர் ஒரு முறை முனகியது. பிறகு அசைந்தது. அசைந்த அந்தக் கணத்தில் எனக்குப் பின்னால் ஆறு பெட்டியும் ஒன்றாக எழுப்பிய குரல் இருக்கிறதே, "அரோகரா!" அது சுரங்கத்தின் இரண்டு பக்கமும் மோதி முன்னால் ஓடியது. அடுத்த ஸ்டேஷன் மேடையில் நின்றவர்கள், ரயிலுக்கு முதல் அந்தச் சத்தம்தான் வந்து சேர்ந்தது என்று பிறகு சொன்னார்கள்.

ஜன்னல் காற்றில் அந்தப் பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் இளகியது. மேடை வெளிச்சம் தெரிந்ததும், "அந்தப் பச்சை லைட் எங்களுக்கோ?" என்று கேட்டாள். தகப்பன் அப்போதுதான் அழுதார். ஆம்புலன்ஸ்காரர்கள் அங்கேயே மருந்து கொடுத்தார்கள். பிள்ளை சுகமாகிவிட்டது. அன்று பின்னேரமே தேர் பார்த்தாள் என்று அவர் பிறகு எனக்குச் சொல்லியனுப்பினார்.

விசாரணை நடந்தது, நடக்கத்தான் வேண்டும். கேபினுக்குள் பயணியை ஏற்றியது ஏன் என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறக்க முதல் வேல்ஸ்காரி சொன்னார்: "ஏனென்றால் அந்தப் பிள்ளைதான் கதவு." கேட்டவருக்கு முதலில் விளங்கவில்லை. பிள்ளையைக் கொண்டுபோவேன் என்று நான் சொல்லியிராவிட்டால் தகப்பன் கதவைத் திறந்திருப்பார் என்பது விளங்கியபோது பேனையை மூடி வைத்துவிட்டார்.

பிள்ளைகளே, பயந்துபோன மனிதருக்கு ஆறுதல் சொல்லுவது இரண்டாம் பட்சம். முதலில் உண்மையைச் சொல்லுங்கள், பிறகு கைக்கு வேலை கொடுங்கள். தண்ணீர் கடத்தினவர், விசிறினவர், சீட்டைத் தூக்கினவர், கைக்கு வேலை வந்த பிறகு இவர்களில் ஒருவரும் கதவைத் திறக்க நினைக்கவில்லை.

அதற்குப் பிறகும் பல வருடம் சில்வர் ஓடியது. நடுவில் ஒரு தடவை வண்ணம் பூசி, சீட் மாற்றிப் புதுமாப்பிள்ளை ஆக்கினார்கள். ஆனாலும் நாங்கள் சில்வர் என்றுதான் சொன்னோம். பிறகு உங்கள் புது ரயில்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றாகப் பழையது போனது. சில பெட்டிகளை யாரோ வாங்கிப் புது இயந்திரம் பூட்டி, கடற்கரைப் பக்கத்துச் சின்னப் பாதையொன்றில் ஓட விட்டிருக்கிறார்கள். அந்தச் செய்தி கேட்ட அன்று நான் வீட்டில் பாயாசம் வைத்தேன். மகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

கடைசிக் குளிர்காலத்தில் எங்களிடம் மிஞ்சியிருந்தவை ஒரு சில சில்வர்கள்தான். அவற்றில் ஒன்றில் பனி உருக்கும் திரவம் தெளிக்கிற கருவி பூட்டியிருந்தது. அதனால் மட்டும் அதைப் பழைய இரும்புக்குப் போகவிடாமல் வைத்திருந்தார்கள். சனம் ஏற்றுவதற்கான அனுமதி இன்னும் கையில் இருந்தது. ஆனால் நாங்கள் அதில் சனத்தை ஏற்றுவதில்லை.

ஒரு காலை. விடியும்போது மழை பெய்து, விழுந்த உடனேயே உறைந்தது. எங்கள் பாதையில் மேற்குப் பக்கம் திறந்த வெளி என்பது உங்களுக்குத் தெரியும். கரண்ட் ஓடுகிற தண்டவாளத்தின் மேல் கண்ணாடி போல் பனி. புது ரயில்கள் பாவம். கரண்ட் வந்து வந்து போக, அவற்றின் கணினி அணைந்து மறுபடி தொடங்கும், தொடங்கி முடிய முதல் மறுபடி அணையும். நின்ற இடத்திலேயே நின்றன. சில்வருக்குக் கணினி இல்லை. கரண்ட் விட்டால் பொறி பறக்கும், வந்தால் ஓடும்.

அன்றைக்கு டிப்போவில் சில்வர் ஓட்ட அனுமதி இருந்தவள் நான் ஒருத்தி. சனம் ஏற்றாமல், எங்கும் நிற்காமல் போய்ப் பனியை உருக்கிப் பாதையைத் திற என்று கட்டளை வந்தது. எனக்குப் பின்னால் ஒரு புது ரயில் வரும். அதை ஓட்டியது அப்போது புதிதாகத் தேர்ச்சி பெற்றிருந்த ஒரு தமிழ்ப் பெண். இதை வாசிக்கிற உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும், ஏனென்றால் இப்போது உங்களுக்குப் பயிற்சி தருகிறவள் அவள்தான்.

புறப்பட்டேன். முதல் ஸ்டேஷன் வந்தது. மேடை முழுதும் சனம். கொட்டும் பனியில் நிற்கிறார்கள். கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்குகிற தாதிமார் நிறைய. எல்லோரும் வேலைக்குப் போக வேண்டியவர்கள். என் விளக்கைக் கண்டதும் பைகளைத் தூக்கினார்கள்.

"இவர்களை ஏற்றலாமா?" என்று கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டேன்.

அன்றைய பொறுப்பாளர் ஒரு இளைஞர். அவசரமாக யோசிப்பது குரலில் தெரிந்தது. "ரயிலுக்கு அனுமதி இருக்கிறது. ஏற்று, எனக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கே நின்றால் திரும்பக் கிளம்ப முடியுமா?"

நல்ல கேள்வி. அந்த ஸ்டேஷன் ஏற்றத்தில் இருக்கிறது. பனி மூடிய தண்டவாளத்தில், ஏற்றத்தில், சனம் ஏற்றிய பாரத்தோடு நின்றால் சில்வரும் எழும்பாது. பிறகு பாதை முழுதும் அடைபட்டுவிடும். அடுத்த ஸ்டேஷன் இறக்கத்தில் இருக்கிறது. அங்கே நின்றால் பிரேக்கை விட்டாலே உருளத் தொடங்கும்.

"இங்கே நிற்க மாட்டேன்," என்றேன். "அடுத்ததில் நிற்கிறேன். இவர்களைப் பின்னால் வருகிற ரயில் ஏற்றட்டும். நான் போன பிறகு தண்டவாளம் சுத்தமாக இருக்கும், அவளால் நின்று கிளம்ப முடியும்."

விசில் அடித்துக்கொண்டு அந்த மேடையைக் கடந்தேன். முகங்கள் மாறுவதைப் பார்த்தேன். ஒரு பெண் கையை விரித்துக் கத்தினார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, தேவையுமில்லை. பிள்ளைகளே, சரியான முடிவு எடுக்கிற நேரத்தில் எல்லோரும் உங்களை வாழ்த்துவார்கள் என்று எதிர்பாராதேங்கோ. சில நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏசுவார்கள். நீங்கள் கைப்பிடியை விடாமல் இருக்க வேண்டும்.

சக்கரத்துக்கடியில் நீலமாய்ப் பொறி பறக்க ஏற்றத்தைக் கடந்தேன். இறக்கத்து ஸ்டேஷனில் நின்று கதவைத் திறந்தேன். ஏறினவர்கள் மரத் தளத்தில் பனியை உதறிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிரேக்கை விட்டேன். தானே உருண்டது.

அப்போது ரேடியோவில், பின்னால் வந்தவளுடைய குரல். முறைப்படி, ஆங்கிலத்தில், ஒரு சொல் பிசகாமல்: ஏற்றத்து ஸ்டேஷனில் நின்றேன், எல்லோரையும் ஏற்றினேன், கிளம்பிவிட்டேன், ரயில் சீராக ஓடுகிறது. கடைசி வார்த்தையில் மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் விட்டு விட்டு நின்ற ரயில்களெல்லாம் ஒவ்வொன்றாக உயிர் பெற்று வருவதாகக் கட்டுப்பாட்டு அறை இளைஞர் வாசித்துக்கொண்டே போனார். வாசிக்க வாசிக்க அவருடைய குரலும் மாறியது.

கடைசி ஸ்டேஷனில் நான் ஒரு பக்கம், அவள் வந்து மறுபக்கம் நின்றாள். நடுவில் ஒரே மேடை. இரண்டு ரயில் சனமும் கலந்து இறங்கினார்கள். நான் கடந்து வந்த மேடையில் நின்றவர்களும் அதற்குள் இருந்தார்கள். அவர்களுக்கு விஷயம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். தாதி ஒருத்தி என் ஜன்னலடியில் நின்று, கையுறை போட்ட கையால் ரயிலின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள், சிநேகிதியின் முதுகில் தட்டுவது போல. அதைப் பார்த்து அடுத்தவர் தட்டினார். பிறகு அதற்கடுத்தவர். வாசலை நோக்கிப் போகிறவர்கள் எல்லோரும் தட்டிக்கொண்டே போனார்கள். அலுமினியம் டொம் டொம் என்று மேடை நீளத்துக்கு முழங்கியது. எதிர் ரயிலின் கேபினில் அவள் எழும்பி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

ரேடியோ கரகரத்தது. "மற்றப் பாதை இன்னும் உறைந்து கிடக்கிறது. இன்னொரு தடவை திரும்பிப் போய்த் திறந்துவிட முடியுமா?"

நான் ஆங்கிலத்தில் முறைப்படி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது தமிழ்.

"ஓம்," என்றேன். "போறன்."

நான் சம்மதிக்கிறேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. சிக்னல் பச்சையாகியது.